சேய் ஸ்கிரிப்ட் எதைத் திருப்பித் தரலாம்?

பிடிபி-7 என்ற சின்னக் கணினியில் கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிட்சியும் யுனிக்ஸை வளர்த்துக்கொண்டிருந்த காலத்தில், ஃபோர்க் என்ற அழைப்பு சற்றுப் பிந்தித்தான் வந்து சேர்ந்தது. ஒரு புராசஸ் தன்னையே நகலெடுத்து இன்னொன்றை உண்டாக்க அது வழிசெய்தது. அசெம்பிளியில் 27 வரிதான் பிடித்தது என்று ரிட்சி எழுதியிருக்கிறார். வந்த மகிழ்ச்சி அடங்குவதற்குள் டைரக்டரி மாற்றும் கட்டளை நின்றுபோனது தெரிந்தது. கட்டளையில் பழுது எதுவும் இல்லை. அதுவரை தனி நிரலாக இருந்த அதை ஓட்ட, ஷெல் இப்போது ஒரு சேய் புராசஸை உண்டாக்கியது. சேய் தன் டைரக்டரியை ஒழுங்காக மாற்றிக்கொண்டு முடிந்துபோனது. தாய் ஷெல் மட்டும் இருந்த இடத்தை விட்டு நகரவில்லை. கடைசியில் அந்தக் கட்டளையை ஷெல்லுக்குள்ளேயே சேர்த்தார்கள். சிடி இன்றுவரை உள்கட்டளையாகவே இருப்பதற்குக் காரணம் இதுதான்.

ஷெல் ஸ்கிரிப்ட் எழுதுகிற எவரும் என்றாவது ஒருநாள் இதே இடத்தில் முட்டிக்கொள்கிறார். சேய் ஸ்கிரிப்ட்டில் ஒரு மாறிக்கு மதிப்புக் கொடுக்கிறோம், முன்னால் எக்ஸ்போர்ட்டும் போடுகிறோம். தாய் ஸ்கிரிப்ட்டுக்குத் திரும்பிவந்து அச்சிட்டால் வெற்று வரிதான் வருகிறது. எக்ஸ்போர்ட் போட்ட பிறகும் ஏன் வரவில்லை என்று கேட்டால், எக்ஸ்போர்ட் கீழ்நோக்கி மட்டுமே போகும் என்பதுதான் பதில். இதை யுனிக்ஸின் பழைய குறை என்று சொல்பவர்கள் உண்டு. அவர்கள் பக்கம் கொஞ்சம் நியாயமும் இருக்கிறது. ஆனால் குறை எங்கே இருக்கிறது என்பதில்தான் எனக்கு அவர்களோடு ஒத்துப்போகவில்லை.

முதலில் உண்மையில் நடப்பது என்ன என்று பார்க்கலாம். 1979-இல் வந்த யுனிக்ஸின் ஏழாம் பதிப்பில் ஸ்டீஃபன் போர்னின் ஷெல்லும் சூழல் மாறிகளும் சேர்ந்தே வந்தன. ஒரு நிரலை ஓட்டும்போது ஷெல் கெர்னலிடம் இரண்டு பட்டியல்களைக் கொடுக்கிறது: கட்டளையோடு சேர்த்து எழுதும் தருமதிப்புகள் ஒன்று, ‘பெயர்=மதிப்பு’ என்ற வடிவிலான சரங்கள் இன்னொன்று. கெர்னல் இரண்டையும் புதிய புராசஸின் நினைவகத்தில் நகலெடுத்து வைக்கிறது. அவ்வளவுதான். அதன்பிறகு தாயின் மாறிக்கும் சேயின் மாறிக்கும் இடையே எந்த உறவும் கிடையாது. திருப்பி அனுப்புவதை யாரும் தடுக்கவில்லை. அனுப்புவதற்குப் பாதையே போடப்படவில்லை.

பாதை போட்டிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்பதை ஊகிக்க வேண்டியதில்லை, போட்டவர்கள் இருக்கிறார்கள். விண்டோஸின் பழைய கட்டளைச் சாளரத்தில் ஒரு பேட்ச் கோப்பை ஓட்டினால், அதில் செட் செய்த மாறிகள் ஓட்டியவரின் சாளரத்திலேயே தங்கிவிடும். பைத்தானின் மெய்நிகர் சூழலை இயக்க விண்டோஸில் ஆக்டிவேட் என்று அடித்தால் போதும் என்பதும், லினக்ஸில் சோர்ஸ் என்று முன்னால் சேர்க்க வேண்டியிருப்பதும் இதனால்தான். வசதிதான். ஆனால் பத்துப் பேட்ச் கோப்புகள் ஒன்றையொன்று அழைக்கும் இடத்தில் எவர் எந்த மாறியை எப்போது மாற்றினார் என்று தேடிப் பார்த்தவர்களுக்கு அந்த வசதியின் விலை தெரியும். செட்லோக்கல் என்ற கட்டளையைக் கொண்டுவந்து, இந்தக் கோப்பின் மாற்றங்கள் வெளியே கசியக் கூடாது என்று எழுதுகிறவரே சொல்லிக்கொள்ள வேண்டிய நிலை வந்தது. யுனிக்ஸ் இலவசமாகக் கொடுத்த சுவரை இங்கே ஒவ்வொருவரும் தன் கையால் கட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

யுனிக்ஸ் பிறந்த பெல் ஆய்வகத்தில் அதற்கு அடுத்து எழுந்த பிளான் 9 என்ற இயங்குதளம் இதைவிட நாகரிகமான பதில் சொன்னது. அங்கே சூழல் என்பது /என்வ் என்ற டைரக்டரியில் தெரியும் கோப்புகள்தான். புதிய புராசஸ் தாயின் சூழலைப் பகிர்ந்துகொள்ளலாம், நகல் வாங்கலாம், வெறுஞ்சூழலோடும் தொடங்கலாம். எது வேண்டுமென்று எழுதுகிறவர் சொல்ல வேண்டும். முடியும்போது எண்ணைக் கொடுக்காமல் ஒரு சரத்தைக் கொடுத்து முடியலாம், வெற்றுச் சரம் என்றால் வெற்றி. யுனிக்ஸை உருவாக்கியவர்களே இரண்டாம் முறை யோசித்தபோது சுவரை இடிக்கவில்லை, வாசல்களைத்தான் திருத்தினார்கள் என்பதை நான் கவனிக்க வேண்டிய சான்றாக எடுத்துக்கொள்கிறேன். பிளான் 9 பரவவில்லை. நமக்கு மிஞ்சியவை பழைய வாசல்கள்.

அந்த வாசல்களை எடைபோட இரண்டு கேள்விகள் போதும் என்பது என் கருத்து. கடந்துபோகிற மதிப்பு வெறும் மதிப்பாகவே போய்ச் சேருகிறதா, வழியில் கட்டளையாக மாறிவிடுகிறதா? தவறு நேர்ந்தால் சத்தம் போடுகிறதா, வாயை மூடிக்கொள்கிறதா?

கீழே அனுப்புவதில் பலரும் யோசிக்காமல் சூழல் மாறியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஒருமுறை எக்ஸ்போர்ட் செய்துவிட்டால் எத்தனை தலைமுறைக்கும் தானாகப் போகிறது என்பது அதன் கவர்ச்சி. அதுவே அதன் குற்றமும். உதாரணத்துக்கு, பெரிய ஜேசான் ஒன்றை ஒரு மாறியில் வைத்து எக்ஸ்போர்ட் செய்கிறோம் என்று வையுங்கள். லினக்ஸில் ஒரு தனிச் சரத்தின் உச்ச வரம்பு 128 கிலோபைட். அதைத் தாண்டிய கணத்திலிருந்து அந்த ஸ்கிரிப்ட்டில் எல்எஸ் கூட ஓடாது, தருமதிப்புப் பட்டியல் மிக நீளம் என்ற பிழைதான் வரும். எல்எஸ்ஸுக்கு நாம் தருமதிப்பே கொடுத்திருக்க மாட்டோம். ஜேசானைக் கேட்டவர் ஒருவர், அடி வாங்குபவர்கள் எல்லோரும். சத்தம் போடுகிறது, ஆனால் தவறான திசையில் கை காட்டுகிறது.

சத்தமே போடாத வகை இன்னும் மோசம். முன்பெல்லாம் கிரெப்புக்கு எப்போதும் வண்ணம் வேண்டும் என்று ஒருவர் தன் சூழலில் கிரெப்_ஆப்ஷன்ஸ் மாறியை வைத்திருப்பார். அவர் ஓட்டும் எல்லா ஸ்கிரிப்ட்டுக்குள்ளும் இருக்கும் கிரெப்புகள் வண்ணக் குறியீடுகளையும் சேர்த்துக் கக்கும். இந்தத் தொல்லை தாங்காமல் குனு கிரெப் 2014-இல் அந்த மாறியையே கைவிடத் தொடங்கியது. சிடி எங்கெங்கே தேட வேண்டும் என்று சொல்லும் சிடிபாத் மாறி இன்னும் நுட்பமான கண்ணி. ஸ்கிரிப்ட் தான் இருக்கும் டைரக்டரியை அறிய, $( ) குறிக்குள் சிடி செய்து பிடபிள்யூடி கேட்பது எல்லோரும் எழுதுகிற வரி. ஓட்டுகிறவர் சிடிபாத்தை எக்ஸ்போர்ட் செய்திருந்து, அதில் உள்ள ஓர் இடத்தின் வழியாக சிடி போய்ச் சேர்ந்தால், போய்ச் சேர்ந்த இடத்தை சிடி தானும் அச்சிடும். ஒரு வரி வரவேண்டிய மாறியில் இரண்டு வரிகள் உட்கார்ந்துகொள்ளும். எழுதியவரின் கணினியில் இது ஒருநாளும் நடக்காது. கேட்காமல் கீழே இறங்கிய ஒரு மதிப்பு, மேலே வர வேண்டிய மதிப்பைக் கெடுத்துவிட்டது.

இவற்றோடு ஒப்பிட்டால் தருமதிப்பு எவ்வளவோ மேல். கேட்ட நிரலுக்கு மட்டும் போகிறது, அழைப்பு வரியிலேயே கண்ணுக்குத் தெரிகிறது, "$@" என்று மேற்கோள் குறிக்குள் கொடுத்தால் இடைவெளி உள்ள கோப்புப் பெயர்கூடச் சிதறாமல் போய்ச் சேரும். கடவுச்சொல்லுக்கு மட்டும் இது ஆகாது. சாதாரண லினக்ஸ் அமைப்பில் பிஎஸ் கட்டளை அடிக்கிற யாரும் அடுத்தவரின் தருமதிப்புகளைப் படிக்கலாம். சூழல் மாறி அந்த அளவுக்கு மோசமில்லை, அதே பயனரும் ரூட்டும் மட்டுமே /ப்ராக் வழியாகப் பார்க்க முடியும். ஆனாலும் பேரப்பிள்ளைகள் வரை அது போகிறதே. ரகசியத்தை உள்ளீட்டுக் குழாய் வழியாகக் கொடுப்பதுதான் சரி.

கீழ்நோக்கிய பாதையில் நடந்த பெரிய விபத்து ஷெல்ஷாக். 2014 செப்டம்பர் 24-இல் வெளியானது. கண்டுபிடித்தவர் ஸ்டெஃபான் ஷசெலாஸ். பாஷ் ஷெல்லில் செயற்கூறுகளையும் எக்ஸ்போர்ட் செய்யலாம். ஆனால் சூழலில் வைக்க முடிந்தது சரம் மட்டுமே, எனவே பாஷ் செயற்கூறின் உரையை ஒரு சாதாரண மாறியின் மதிப்பாக எழுதி வைத்தது. சேய் பாஷ் எழும்போது ‘() {’ என்று தொடங்கும் மதிப்பு எதைக் கண்டாலும் அதைச் செயற்கூறாகப் பாகுபடுத்தும். செயற்கூறு முடிந்த இடத்தில் நிற்காமல் அதன்பின் ஒட்டியிருந்த கட்டளைகளையும் ஓட்டிவிட்டது. வலைச் சேவையகங்களோ சிஜிஐ முறையில், பார்வையாளரின் உலாவி அனுப்பும் தலைப்புகளைச் சூழல் மாறிகளாகவே ஸ்கிரிப்ட்டுகளுக்குக் கொடுத்துவந்தன. உலகின் எந்த மூலையிலிருந்தும் ஒருவர் தன் உலாவியின் பெயர் என்று சொல்லி ஒரு கட்டளையை அனுப்பினால் அது சேவையகத்தில் ஓடும் நிலை. 1989-லிருந்தே அந்த ஓட்டை இருந்திருக்கிறது. திருத்தத்துக்குப் பிறகு எக்ஸ்போர்ட் ஆகும் செயற்கூறுகளுக்குத் தனி முன்னொட்டும் பின்னொட்டும் கொண்ட பெயர் வந்தது, வேறு எந்த மாறியையும் பாஷ் பாகுபடுத்துவதில்லை. சூழல் மாறிமேல் பழி போட்டார்கள் சிலர். மாறி தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. வந்த மதிப்பைக் கட்டளையாக வாசித்த பாஷ்தான் குற்றவாளி. என் முதல் கேள்வி இங்கிருந்து பிறந்தது.

இனி மேலே வரும் பாதைகள். சிக்கல் அடர்த்தியாக இருப்பது இங்கேதான்.

முடிவுக் குறியீடு, அதாவது $? என்பதில் வந்து நிற்கும் எண், எட்டே பிட்டுகள். 0 முதல் 255 வரை. இதில் எண்ணிக்கையைத் திருப்பி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். பேக்கப் எடுக்கும் சேய் ஸ்கிரிப்ட் தோற்ற கோப்புகளை எண்ணி அந்த எண்ணோடு முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்று தோற்றால் 3, இருநூறு தோற்றால் 200, அழகாக வேலை செய்யும். 256 கோப்புகள் தோற்றால் 0 வரும், அதாவது முழு வெற்றி. 127-ஐத் தொட்டால் கட்டளையே கிடைக்கவில்லை என்றும், 137-ஐத் தொட்டால் யாரோ கில் செய்துவிட்டார்கள் என்றும் தாய் புரிந்துகொள்ளும். என் இரண்டாம் கேள்வியில் இதைவிடப் படுமோசமாகத் தோற்கும் வழி இல்லை. கிரெப் இதைக் கையாளும் விதம்தான் அளவு: கிடைத்தால் 0, கிடைக்காவிட்டால் 1, பிழையென்றால் 2. குறியீடு தீர்ப்புச் சொல்வதற்கு, தரவு சுமப்பதற்கு அல்ல.

அடுத்தது $( ). சேய் அச்சிட்டதைத் தாய் மாறியில் பிடித்துக்கொள்கிறது. போர்ன் ஷெல்லில் தலைகீழ் மேற்கோளாக இருந்தது, கார்ன் ஷெல் தந்த இந்த வடிவம் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்க வசதியானது. ஒரே ஒரு மதிப்பு என்றால் இதற்கு நிகரில்லை. மதிப்பு மதிப்பாகவே வருகிறது. இறுதியில் உள்ள புதுவரிக் குறிகளை எல்லாம் உதிர்த்துவிடும், அது பெரும்பாலும் நன்மையே. ஆபத்து வேறு இடத்தில். ‘பேக்கப் தொடங்குகிறது’ என்று ஒருவர் நல்லெண்ணத்தோடு சேய் ஸ்கிரிப்ட்டில் ஓர் எக்கோ சேர்க்கிறார். மறுநாள் தாய் ஸ்கிரிப்ட்டில் கோப்பின் பெயர் ‘பேக்கப் தொடங்குகிறது’ என்ற வரியில் ஆரம்பிக்கிறது. மனிதருக்கான பேச்சும் நிரலுக்கான விடையும் ஒரே குழாயில் வருகின்றன. பேச்சையெல்லாம் பிழை வெளியீட்டுக்குத் திருப்பிவிடுவது என்ற கட்டுப்பாடு இருந்தால் மட்டுமே இந்த வழி நிற்கும், அதுவும் அந்த ஸ்கிரிப்ட்டைத் தொடுகிற எல்லோருக்கும் இருக்க வேண்டும்.

இன்னொரு கண்ணியும் உண்டு. செயற்கூறுக்குள் லோக்கல் என்று அறிவித்து அதே வரியில் $( ) போட்டால், சேய் தோற்றாலும் $? 0 என்றுதான் காட்டும். காரணம், அந்த வரியின் கடைசி வேலை லோக்கல் கட்டளையுடையது, அது வென்றுவிட்டது. பிழை வந்தால் நின்றுவிடு என்று செட் -இ போட்டிருப்பவரும் ஏமாறுவார். அறிவிப்பை ஒரு வரியிலும் மதிப்பை அடுத்த வரியிலும் எழுத வேண்டும். ஷெல்செக் என்ற சோதனைக் கருவி இதைப் பிடித்துக் கொடுக்கும். அதில்லாமல் இன்று ஷெல் எழுதுவதை நான் வீண் துணிச்சல் என்றுதான் சொல்வேன்.

இந்தத் தொல்லைகளைக் கண்டு அலுத்தவர்கள் சோர்ஸ் பக்கம் போகிறார்கள். சேய் ஸ்கிரிப்ட்டைத் தனியாக ஓட்டாமல் தாய்க்குள்ளேயே வாசித்து ஓட்டுவது. எல்லா மாறிகளும் கிடைத்துவிடும். கிடைப்பது அவை மட்டுமல்ல. சேய் செய்த சிடி, போட்ட செட் -இ, வைத்த டிராப், இருவரும் ஒரே பெயரில் வைத்திருந்த சுழற்சி மாறி எல்லாமே தாயுடையதாகிவிடும். சேய் நடுவில் எக்ஸிட் என்றால் தாயும் சேர்ந்து முடிந்துபோகும். மதிப்பைக் கடத்தும் வழியென்று இதைச் சொல்வதே பொருந்தாது. சேய் என்று ஒன்று இல்லாமல் செய்துவிடுகிறது. செயற்கூறுகள் மட்டும் உள்ள நூலகக் கோப்புக்கு இது நியாயம். வெறும் அமைப்பு மதிப்புகள் உள்ள கோப்புக்கு நியாயமில்லை. அந்தக் கோப்பில் எழுதும் உரிமை உள்ளவர் எவரும் நம் ஸ்கிரிப்ட்டின் உரிமையோடு எதையும் ஓட்டலாம் என்று அனுமதி கொடுத்தாயிற்று.

ஈவால் அதே அனுமதியைச் சிறு உறையில் வைத்துத் தருகிறது. எஸ்எஸ்எச் ஏஜென்ட்டை எல்லோரும் இயக்குவது இந்த முறையில்தான். ஏஜென்ட் தன் சாக்கெட் இருக்குமிடத்தை மாறியாக அமைக்கும் ஷெல் கட்டளைகளை அச்சிடுகிறது, தாய் ஷெல் அந்த உரையை வாங்கி ஈவால் செய்கிறது. நம் சாவிகளையே ஒப்படைக்கும் நிரலின் வெளியீட்டை நம்புவதில் தவறில்லை. அந்தப் பழக்கத்தை ஊர்பேர் தெரியாத வெளியீட்டுக்கெல்லாம் நீட்டுவதில்தான் ஷெல்ஷாக்கின் வித்து இருக்கிறது.

கிட்ஹப் ஆக்ஷன்ஸ் இந்தப் பாடத்தை 2020-இல் பெரிய அளவில் படித்தது. அங்கே ஒவ்வொரு படியும் தனி ஷெல். ஒரு படி அடுத்த படிக்குச் சூழல் மாறி கொடுக்க வேண்டுமானால், தன் வெளியீட்டில் இரட்டை முக்காற்புள்ளி போட்டு செட்-என்வ் என்று தொடங்கும் ஒரு வரியை அச்சிட்டால் அப்போது போதுமாக இருந்தது, படிகளை ஓட்டும் ரன்னர் அதைப் படித்து மாறியை அமைத்துவிடும். வெளியாரிடமிருந்து வந்த உரையை ஒரு படி சும்மா பதிவுக்காக அச்சிட்டாலும், அந்த உரைக்குள் இப்படி ஒரு வரி ஒளிந்திருந்தால் ரன்னர் அதற்கும் கீழ்ப்படிந்தது. கூகுளின் புராஜெக்ட் ஜீரோ குழு சுட்டிக்காட்டியது, சிவிஇ-2020-15228 என்ற எண்ணில் பதிவானது. மாற்றாக வந்தது ஒரு கோப்பு. கோப்பின் பாதை சூழல் மாறியாகக் கீழே போகிறது, சேய் மதிப்புகளை அந்தக் கோப்பில் எழுதுகிறது, படி முடிந்ததும் ரன்னர் வாசிக்கிறது. பேச்சுக்கு ஒரு வழி, விடைக்கு வேறு வழி. முழுத் தூய்மை இதிலும் இல்லை: பல வரி மதிப்புக்கு எல்லைச் சொல் ஒன்று வைக்க வேண்டும், அந்தச் சொல் மதிப்புக்குள்ளேயே வந்துவிடாதபடி அதைத் தற்போக்காகத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஆகவே தீர்ப்பு இது. சேய் தாயைத் தொட முடியாது என்ற ஏற்பாடு சரி, அது இருக்கட்டும். பழைய குறை என்று புகார் சொல்பவர்கள் சுவரைச் சுட்டுகிறார்கள், சுட்ட வேண்டியது எட்டு பிட் குறியீட்டையும் வகையே இல்லாத சரங்களையும். கீழே அனுப்பத் தருமதிப்பே முதல் தேர்வு, எல்லாத் தலைமுறைக்கும் உண்மையிலேயே தேவைப்படுவதற்கு மட்டும் எக்ஸ்போர்ட். மேலே வர ஒரு மதிப்பென்றால் $( ), பலவென்றால் கோப்பு. அந்தக் கோப்பை எம்கேடெம்ப் கொண்டு தாய்தான் உண்டாக்க வேண்டும், பாதையைத் தருமதிப்பாகக் கொடுக்க வேண்டும், முடிவில் டிராப் வைத்து அழிக்க வேண்டும். திரும்பி வந்ததைச் சோர்ஸ் செய்யாமல் ரீட் கொண்டு வரி வரியாக வாசித்து, தான் எதிர்பார்த்த பெயர்களை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். சோர்ஸ் செய்தால் இத்தனை கவனமும் பாழ்.

இந்தத் தீர்ப்புக்கு வெளியே ஒரு வழி இருக்கிறது, பலரும் அதை மறந்துவிடுகிறார்கள். எஸ்எஸ்எச் ஏஜென்ட்டுக்கு ஒரு கட்டளையைத் தருமதிப்பாகக் கொடுத்துப் பாருங்கள். ஏஜென்ட் தன் மாறிகளை அமைத்து அந்தக் கட்டளையைத் தன் சேயாகவே ஓட்டும், கட்டளை முடிந்ததும் தானும் முடிந்துகொள்ளும். மேலே எதுவும் ஏற வேண்டியதில்லை, ஈவாலுக்கு வேலையில்லை. மதிப்பு யாருக்குத் தேவையோ அவரைச் சேயாக்கிவிட்டால் போதும். டேனியல் பெர்ன்ஸ்டைனின் டீமன்டூல்ஸில் உள்ள என்விடிர் இப்படித்தான், ஒரு டைரக்டரியில் உள்ள கோப்புகளைச் சூழல் மாறிகளாக்கிக்கொண்டு நீங்கள் சொன்ன நிரலை ஓட்டுகிறது. நைஸ், டைம்அவுட், சூடோ எல்லாம் இந்தக் குடும்பம்தான். தாயின் மிச்ச வேலையைத் தனி ஸ்கிரிப்ட்டாகப் பிரிக்க முடிகிற இடத்தில் நான் முதலில் இதைத்தான் முயல்வேன். ஆயிரம் கோப்புகளைச் சுற்றிவரும் சுழற்சியின் நடுவில், ஒவ்வொரு சுற்றுக்கும் விடை வேண்டியிருக்கும்போது, இது பயன்படாது. அங்கே எம்கேடெம்ப்தான்.